பேருக்கு முளைத்த கொம்பு

“போனை ஒண்ணு ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.” எந்தப் புகாருக்கும் ஜெனில் கொடுக்கும் முதல் மருந்து இதுதான். பாறசாலையில் சபையின் இணையத்தளத்தைச் சம்பளமில்லாமல் கவனிப்பவன் அவன். அங்கே ஏற்றும் செய்தி, அவன் எழுதிய டெம்ப்ளேட் என்னும் வார்ப்பு நிரல் வழியாக, பக்கத்து ஊரான காரோடு முதல் வளைகுடா வரை சபையாரின் கைபேசிகளுக்குத் தானாகவே போய்விடும். போனதில் கோளாறென்றால் பழி நெட்வொர்க்குக்கு, மழைக்கு, அடுத்தவர் கைக்கு. தன் கையை மட்டும் அவன் சந்தேகித்ததே இல்லை.

கடைசியில் சொந்தக் கல்யாணத்திலேயே மாட்டிக்கொண்டான். மூன்று ஞாயிறு சர்ச்சில் வாசிக்கும் திருமண அறிவிப்புக்கு அங்கே ஓலை என்று பெயர். முதல் ஓலை கைபேசிக்குப் போன மாலையில் காஞ்சிரங்குளத்திலிருந்து மாமனாராகப் போகிற சுவாமிதாஸ் கூப்பிட்டார்.

“மருமவனே, எம்மவ சுமிக்க பேருக்க ரெண்டு பக்கமும் என்னவோ கொம்பு மொளச்சிருக்கே?”

“ஒங்க போனுக்க கொறவாக்கும் மாமா. பழசாயிப் போச்சுல்லா.”

சொல்லிவிட்டுத் தன் போனைப் பார்த்தான். அதிலும் கொம்பு.

பெயர் தடிப்பாகத் தெரிய இருபுறமும் வைக்கும் குறிகள் அவை. வழியில் கெடாதிருக்க டெம்ப்ளேட்டே அவற்றுக்கு ஓர் உறை போட்டு அனுப்பும். கைபேசி அதைப் பிரித்துக்கொள்ளும். நம் கெட்டிக்காரன், பத்திரமாக இருக்கட்டுமென்று தானும் ஓர் உறை போட்டிருந்தான். கைபேசி ஒன்றைப் பிரித்தது, மற்றதை அப்படியே ஊருக்குக் காட்டியது. ஒரு வரியை அழித்து மறுபடி அனுப்பியதும் எல்லாப் போனிலும் சரியாயிற்று.

“கொம்பு ஒங்க அப்பாக்க போனில இல்ல சுமி, எனக்க தலையில ஆக்கும்” என்று அவளிடம் சிரித்தான்.

சுமி சிரிக்கவில்லை. “அப்பாட்ட சொல்லுங்க. பொறவு அவராட்டு அறிஞ்சா, ஒங்க ஒரு வார்த்தையையும் நம்பமாட்டாரு.”

இன்றைக்கு, நாளைக்கு என்று அவன் தள்ளிப்போட்டான். அடுத்த ஞாயிறு சர்ச் முற்றத்தில் சுவாமிதாஸ் ஒரு புதுப்போனை நீட்டினார். “நீ சொன்னது சரியாக்கும் மக்கா! புதுசு வாங்கினேன், கொம்பு போச்சு.” நின்றவர்களிடமெல்லாம் மருமகனின் மூளையைப் புகழ வேறு தொடங்கினார். ஜெனிலுக்குக் காது சுட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

“மாமா, பழைய போன் கையில உண்டா?”

அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஜெனில் அதில் அதே ஓலையைத் திறந்தான். கொம்பில்லாத அந்தத் திரையைப் புதுப்போனுக்குப் பக்கத்தில் வைத்து, எல்லோரும் பார்க்க, இரண்டையும் அவரிடம் நீட்டினான்.