ஏழாவது கேசட்டின் மிச்சம்

பஞ்சு சுற்றிய குச்சியை ஸ்பிரிட்டில் தோய்த்து, டேப் ரெக்கார்டரின் உள்வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார் தொக்சு. எழுபத்தாறு வயது. ஆனாலும் வெல்டிங் பிடித்த கை, வேலையில் பிசிறில்லை.

மனைவி ஒக்புன் இறந்து இன்னும் மூன்று நாளில் ஒரு வருஷம். முதல் வருஷப் படையலின்போது அவள் குரலைக் கேட்க வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. வீட்டில் போட்டோக்கள் இருந்தன, குரல் இல்லை. இருந்ததெல்லாம் அவர் சவுதியில் வேலை பார்த்த காலத்தில் கடிதம்போலப் போய்வந்த எட்டு கேசட்டுகள். அவற்றை மகள் யங்ரான் கம்ப்யூட்டர் வழியாகக் குறுந்தகட்டில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"ஆறு முடிஞ்சுது. ஆறுலயும் நீங்கதான். மணல் காத்து, கிம்ச்சி ஊறுகா புளிச்சுப்போச்சு, திரும்பவும் மணல் காத்து. அம்மா எங்கேப்பா?"

"அவ பேசி அனுப்புவா. அதுமேலயே நான் பேசித் திருப்பி அனுப்புவேன். எதுக்குப் புதுசுன்னு..."

"நல்ல சிக்கனம்!"

ஏழாவது ஓடியது. வாலிபத் தொக்சு, தொழிலாளர் முகாமில் நடந்த கால்பந்தாட்டத்தை மூச்சுவிடாமல் சொன்னார். "சரி, நிறுத்திக்கறேன். உடம்பைப் பாத்துக்கோ." க்ளிக். யங்ரான் பொத்தானை நோக்கிக் கை நீட்டினாள். அதற்குள் வேறொரு குரல்.

"...அதான் யங்ரான் அப்பா, முடிவெட்டற லைசென்ஸ் பரீட்சை பாஸாயிட்டேன். சந்தை முனையில சோங் அக்கா முடிவெட்டற கடை வெச்சிருக்காங்கல்ல, கூட்டுக்கு வர்றியான்னு கேக்கறாங்க. நீங்க போன்னா போறேன். உங்க பதில் வர்ற வரைக்கும் பொறுங்கன்னு சொல்லிவெச்சிருக்கேன். மறக்காம சொல்லுங்க, என்ன?"

நாடா முடிந்தது.

முகாமில் பத்துப் பேருக்கு ஒரே அறை. எவன் மனைவியின் கேசட் வந்தாலும் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். இந்தக் கேசட் வந்த அன்று, "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்று ஒக்புன் குரலைத் தாழ்த்தியதுமே பக்கத்துக் கட்டில்காரன், "டேய், இனிமேதாண்டா விஷயமே!" என்று கூவினான். கூச்சத்தில் தொக்சு ரெக்கார்டரை நிறுத்திவிட்டார். மீதியை அப்புறம் தனியாகக் கேட்கலாம் என்றுதான் இருந்தார். மறுநாள் காலை ஒருவன் ஊருக்குக் கிளம்பினான். அவனிடம் கொடுத்தனுப்பும் அவசரத்தில் அதன்மேலேயே பேசி முடித்தார்.

ஒக்புன் எந்தக் கடைக்கும் போகவில்லை. முற்றத்தில் செய்தித்தாளை விரித்துத் தெருப் பிள்ளைகளுக்குச் சும்மா முடிவெட்டிவிட்டாள். மாதத்தின் முதல் ஞாயிறு அவருக்கும். இப்போது அவர் முடி சட்டைக் காலரைத் தாண்டிக் கிடந்தது.

"என்னப்பா பதில் சொன்னீங்க?" என்று கேட்ட யங்ரானே பேச்சை நிறுத்தினாள். பதில் இதே கேசட்டில்தான் இருந்தது. இப்போதுதான் கேட்டிருந்தாள். அரைமணி நேரம், கால்பந்து.

"இந்த மிச்சத்தை நான் கேக்கவே இல்லம்மா."

கம்ப்யூட்டரிலிருந்து வெளியே வந்த தகட்டை அவள் எடுத்து, அதன்மேல் அம்மாவின் பெயரை எழுதி, மை காய ஊதினாள்.

"அந்தக் கடையைப் பத்தி உங்கம்மா எப்பவாவது... உன்கிட்ட எதாவது சொல்லியிருக்காளா?"

யங்ரான் தகட்டை உறையில் போட்டாள். உறையை அவர் முழங்காலருகே வைத்துவிட்டு எழுந்து, அடுப்படிக்குப் போனாள்.