தோட்டம் காணாமல் போன செவ்வாய்க்கிழமை

இதைச் சபையில் எழுந்து நின்று சொல்ல எனக்கு ஒரு வருடம் பிடித்தது. வெட்கம்தான் காரணம். ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்ல வேண்டுமென்றால் நான் செய்ததையும் சொல்லியாக வேண்டும்.

என் பெயர் எஸ்தர். அப்பாவும் அம்மாவும் தெற்கே நாசரேத் ஊர்ப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் வந்தவர்கள். நான் மங்கலம் ரோட்டில் ஒரு சின்ன கேம் கம்பெனியில் புரோகிராமர். போனில் விளையாடுகிற தோட்ட விளையாட்டு ஒன்றைச் செய்கிறோம். "ஒனக்கென்ன பிள்ள, நாள் பூரா வெளாட்டு, அதுக்குச் சம்பளம் வேற" என்று சபையில் கேலி செய்வார்கள். அந்தத் தோட்டத்துக் காளை வேலியில் முட்டி நிற்காமல் வேலிக்குள்ளேயே புகுந்து போவதை நிறுத்த நான் நான்கு நாள் உட்கார்ந்திருக்கிறேன். அந்த நான்கு நாளில் ஒரு நிமிஷம்கூட விளையாடவில்லை. புது வெர்ஷன் வெளியாகும் வாரத்தில் என் சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீடு திரும்பும்.

எங்கள் முதலாளி முன்பு பனியன் கம்பெனி நடத்தியவர். அங்கே புது லாட் வந்தால், பழைய பீஸ் கலந்துவிடாதபடி டேபிளைக் காலி செய்துவிட்டுத்தான் செக்கிங் ஆரம்பிப்பார்கள். அதே பழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்தார். புது வெர்ஷனைச் சோதிக்கும் முன் போனிலிருந்து பழைய கேமை அழித்துவிட வேண்டும். சோதிப்பவள் பல்லடத்திலிருந்து வரும் ரேவதி. விளையாடுகிறவர்களின் புகார்களுக்குப் பதில் எழுதுவதும் அவள்தான்.

போன வருடம் தீபாவளிக்கு முந்தின வாரம், செவ்வாய்க்கிழமை காலையில் புது வெர்ஷனை வெளியிட்டோம். பத்து மணிக்குள் புகார்கள் வந்து கொட்டின. எல்லாம் ஒரே புகார். மாதக்கணக்கில் வளர்த்த தோட்டத்தைக் காணோம், வெறும் மண்தான் தெரிகிறது.

பார்த்த உடனே எனக்கு விளங்கிவிட்டது. தோட்டத்தைச் சேமித்து வைக்கிற ஃபைலின் பெயரை நான் மாற்றியிருந்தேன். பழைய ஃபைலில் உள்ளதைப் புதியதற்கு எடுத்து வரும் பகுதியை அப்புறம் எழுதலாம் என்று விட்டவள், அடியோடு மறந்துபோனேன். எங்கள் போன்களில் பழையது எதுவும் இல்லாததால் சோதனையிலும் தெரியவில்லை.

முதலாளி ரேவதியைப் பிடித்துக்கொண்டார். "என்னத்த அம்மணி செக் பண்ணுனீங்க?" அவள் கண் கலங்கி நின்றாள். நான் வாயே திறக்கவில்லை.

அவள் எல்லாருக்கும் ஒரே பதிலை அனுப்ப ஆரம்பித்தாள். கேமை அழித்துவிட்டு மறுபடியும் போடுங்கள் என்று. பழைய ஃபைல் இன்னும் அவர்கள் போனில்தான் இருக்கிறது, கேமை அழித்தால் அதுவும் சேர்ந்து அழியும் என்பது எனக்குத் தெரியும். சொன்னால் தப்பு யாருடையது என்று தெரிந்துவிடுமே! யாரும் அறியாமல் சரிசெய்துவிடலாம் என்று அவசர அவசரமாக எழுதிக்கொண்டிருந்தேன். 'ஆண்டவரே, என்னைக் காட்டிக்கொடுத்துவிடாதேயும்' என்று ஜெபித்தேன். அதுவும் ஒரு ஜெபமா?

பன்னிரண்டு மணிக்கு ரேவதி ஒரு செய்தியைக் காட்டினாள். ஈரோட்டு அம்மா ஒருவர் எழுதியது. "எம்பொண்ணு ஆஸ்பத்திரில இருந்தப்ப ரெண்டு பேரும் சேந்து போட்ட தோட்டங்க. மாட்டுக்கெல்லாம் அவதான் பேரு வெச்சா. இப்ப அவ இல்லீங்க. தோட்டம் மட்டும் எப்படியாச்சும் வேணுங்க." கீழே போன் நம்பரும் இருந்தது.

"அக்கா, இவிங்களுக்கும் அதே பதில அனுப்பிட்டனுங்க" என்றாள் ரேவதி.

பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். 'ஆண்டவரே, என் வேலை போனால் போகட்டும். அந்த அம்மா மட்டும் அழித்திருக்கக் கூடாது.' அவ்வளவுதான் ஜெபம். வெளியே வந்து எல்லார் முன்னாலும் உண்மையைச் சொன்னேன்.

முதலாளி என்னையே பார்த்தார். "ரெண்டு மணி நேரமா தெரிஞ்சேதான் உக்காந்திருந்தீங்களா அம்மணி?" ஆமாம் என்று தலையாட்டினேன். "மொதல்ல அந்தப் பதில நிறுத்துங்க" என்றார்.

நான் ஈரோட்டுக்குப் போன் போட்டேன். "அம்மா, கேம அழிச்சிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"அழிக்கச் சொல்லி வந்துச்சுங்க கண்ணு. ரெண்டு தடவ கை வெச்சுப் பாத்தேன். மனசு வரலீங்க."

அங்கேயே தரையில் உட்கார்ந்து ஸ்தோத்திரம் சொன்னேன். மாலைக்குள் சரியான வெர்ஷனை வெளியிட்டோம். அந்த அம்மா அழைத்தார். "மாடெல்லாம் நிக்குதுங்க" என்று சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன்.

என் வேலை போகவில்லை, அது கிருபை. ரேவதி ஒரு மாதம் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை, அது எனக்கு வேண்டியதுதான். எங்கள் பதிலை நம்பி அழித்தவர்களுக்கு என் பெயரைப் போட்டு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். சிலர் திட்டினார்கள். பலர் பதிலே போடவில்லை. இப்போது தப்பு செய்தால் முதலில் வாய் திறக்கிறேன், அப்புறம்தான் கம்ப்யூட்டரில் கை வைக்கிறேன்.

பிரியமானவர்களே, ஆண்டவர் ஜெபத்தைக் கேட்கிறார். என்னைப் போன்றவள் கேட்டதையும் கேட்டார். உங்கள் பயத்தோடு, உங்கள் தப்போடு அப்படியே அவரிடம் போங்கள். ஆனால் சீக்கிரம் போங்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த இரண்டு மணி நேரத்தில் இன்னும் எத்தனை தாய்மாரின் தோட்டம் அழிந்ததோ, எனக்குத் தெரியாது.