ப்ரிண்டரில் பேப்பர் இல்லை

அந்த ஷூ கம்பெனி ஆபீஸுக்குள் நுழைந்ததும் முதலில் மூக்கில் ஏறுவது பசை வாடைதான். ஏசி ஓடினாலும் போகாது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டினால், சட்டையோடு அதுவும் ஆணியில் தொங்கும்.

ஆம்பூரில் எனக்கு அது முதல் வேலை. சிஸ்டம் டிபார்ட்மென்ட் என்று கதவில் எழுதியிருக்கும்; உள்ளே நான் ஒருத்தன்தான். நெட் போனாலும் நான், மவுஸ் போனாலும் நான், ப்ரிண்டரில் பேப்பர் தீர்ந்தாலும் நான்.

சாம்பிள் செக்‌ஷனில் மெர்லின் அக்கா இருந்தார். ஆலங்காயத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார். எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் புது டிசைன் படங்கள் அவர் மெயிலுக்குத்தான் வரும். சாம்பிள் ஷூவை கூரியரில் அனுப்புவதும் அவர்தான். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால், ஒரு ஓரத்தில் எனக்கென்று கொஞ்சம் கருவாட்டுத் தொக்கு இருக்கும். கேட்டால், "ஜாஸ்தியா செஞ்சிட்டேன் தம்பி" என்பார். தினமும் எப்படி ஜாஸ்தியாகும் என்று நான் கேட்டதில்லை.

அந்த வருஷம் பையர் ஒரு நிபந்தனை போட்டார். டிசைன் வெளியே கசியக் கூடாது. ஆபீஸில் எல்லோருக்கும் போலி மெயிலை அடையாளம் காணத் தெரிந்திருக்க வேண்டும். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "ஒரு டெஸ்ட் வெச்சிப் பாருப்பா. யார் யார் ஏமாறாங்கன்னு தெரிஞ்சிக்கலாம்" என்றார்.

எனக்கு இருபத்து மூன்று வயசு. குஷியாகிவிட்டது.

யாராலும் அழுத்தாமல் இருக்க முடியாத மாதிரி ஒரு மெயில் வேண்டும் என்று இரண்டு நாள் யோசித்தேன். 'திங்கட்கிழமை முதல் கம்பெனி பஸ் ரூட் மாறுகிறது. உங்கள் ஸ்டாப் இருக்கிறதா என்று பார்க்க இங்கே அழுத்தவும்.'

கம்பெனி பஸ் இல்லையென்றால் அக்கா வாணியம்பாடி போய் இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். வீட்டில் படுக்கையில் கிடக்கும் மாமியாருக்கு அவர் போய்த்தான் சாப்பாடு கொடுக்க வேண்டும். அது எனக்கு நன்றாகவே தெரியும்... தெரிந்துதான் எழுதினேன்.

பதினோரு பேர் அழுத்தினார்கள். முதல் ஆள் மெர்லின் அக்கா.

அதோடு விட்டிருக்கலாம். எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. தையல் லைன் முடிகிற இடத்தில் ஒரு கறுப்பு போர்டு இருக்கும். யார் தைத்ததில் எத்தனை ஜோடி திரும்பி வந்தது என்று, தோலில் குறி போடுகிற சில்வர் பேனாவால் பெயரோடு எழுதுவார்கள். ரிஜெக்‌ஷன் போர்டு என்று பெயர். யாருக்கும் அது தப்பாகப் பட்டதில்லை, எனக்கும்தான். அதே மாதிரி ஒரு போர்டு தயார் செய்து என் அறைக்குப் போகிற வழியில் மாட்டினேன். அதே சில்வர் பேனா. பதினோரு பெயர், அழுத்திய வரிசையில்.

மேனேஜர் தோளில் தட்டிக் கொடுத்தார். கேன்டீனில் ஒரு வாரம் அதே பேச்சுதான். "இன்னா மெர்லின், இன்னிக்கு பஸ் வருமா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அக்கா சிரித்துக்கொண்டார். தொக்கும் வழக்கம்போல வந்தது. அதனால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து, ஒரு மதியம் அவர் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"இன்னாக்கா?" என்றேன், ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டே.

"ஒண்ணுமில்ல தம்பி. ப்ரிண்டர்ல பேப்பர் இல்ல" என்றார்.

"பீரோல இருக்குதுக்கா, எடுத்துக்கோங்க."

போய்விட்டார்.

அதிலிருந்து ஐந்தாம் நாள் பையரிடமிருந்து போன். அவர்களுடைய அடுத்த சீசன் டிசைன் வேறு யாரிடமோ இருக்கிறதாம். தேடிப் பார்த்ததில், அக்காவின் மெயிலுக்குள் யாரோ ஐந்து நாளாக உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. 'உங்கள் கூரியர் நின்றுவிட்டது, பாஸ்வேர்ட் போட்டுப் பார்க்கவும்' என்று ஒரு போலி மெயில் வந்திருக்கிறது. போட்டிருக்கிறார். பக்கம் வெறுமையாகப் போனதுமே ஏமாந்துவிட்டோம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

மேனேஜர் ரூமில் அவர் அழவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"அன்னிக்கே சொல்லலாம்னுதான் வந்தேன் தம்பி. உன் ரூம் வாசல்ல நின்னேன்ல... வர்ற வழியில போர்டுல என் பேரு இன்னும் இருந்துச்சி. மறுபடியும் எழுதுவீங்களேன்னு திரும்பிட்டேன்."

அன்றைக்கே சொல்லியிருந்தால், பாஸ்வேர்டை மாற்ற எனக்கு இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

அன்று சாயங்காலம் அந்த போர்டைக் கழற்றி, பெயின்ட் தின்னர் போட்டுத் துடைத்தேன். அதனால் ஆனது ஒன்றுமில்லை. பையர் சாம்பிள் வேலையை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். அக்காவை பேக்கிங் செக்‌ஷனுக்கு மாற்றி, பெட்டிக்கு லேபிள் ஒட்டச் சொன்னார்கள். மூன்று மாதத்தில் வேலையை விட்டு நின்றுவிட்டார். என் பெயரை யாரும் எந்த போர்டிலும் எழுதவில்லை.

இப்போது வேலூரில் வேறொரு கம்பெனியில் தகவல் பாதுகாப்பு வேலையில்தான் இருக்கிறேன். போன வாரம் ஒரு ஆராய்ச்சி மாணவி பேட்டிக்கு வந்தார். ஏமாந்து லிங்கை அழுத்தியவர்கள் ஏன் உடனே வந்து சொல்வதில்லை என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அந்த நாளில் நாங்கள் 'ஏன் அழுத்தினாய்?' என்று கேட்டதோடு சரி; 'ஏன் சொல்லவில்லை?' என்று கேட்டதில்லை. போர்டு கதையைச் சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்து, "அந்த அக்கா இப்ப எங்க சார் இருக்காங்க?" என்றார்.

தெரியவில்லை. ஆலங்காயம் பஸ் ஏறி ஒரு தடவை கூட நான் போய்ப் பார்த்ததில்லை. வெட்கம்தான், வேறொன்றும் இல்லை.

இன்றைக்கு ஓடிபி இருக்கிறது, ட்ரெயினிங் வீடியோ இருக்கிறது, வீடியோ முடிந்ததும் பத்துக் கேள்வி இருக்கிறது. அந்த வீடியோக்களில் லிங்கை அழுத்துகிற ஆள் எப்போதும் ஒரு அசடாகத்தான் வருகிறார். டெஸ்ட் மெயில் நான் இப்போதும் அனுப்புகிறேன். ஆனால் பெயர்ப் பட்டியல் என் ட்ராயரைத் தாண்டுவதில்லை.

இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. யாராவது என் அறை வாசலில் வந்து நின்று ப்ரிண்டரில் பேப்பர் இல்லை என்றால், கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு எழுந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்க" என்கிறேன்.

பெரும்பாலும் பேப்பர்தான் தீர்ந்திருக்கிறது.