கறுப்பாகத் தெரிந்த இடம்

என் வீட்டுக்காரருக்கு இருமல் புதிதல்ல. ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்பில், ஆவாரம்பட்டை இடிக்கிற கொட்டகையில்தான் அவருடைய வாலிபமெல்லாம் கழிந்தது. அந்தத் தூசி நெஞ்சில் படிந்து, மழைக்காலம் வந்தால் இழுப்பு பிடித்துக்கொள்ளும். பிறகு, கண் நல்ல கண் என்று, பதப்பட்ட தோலைத் தரம் பிரிக்கும் வேலையில் போட்டார்கள். தோலை இரண்டு கையாலும் விரித்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். வெளிச்சம் ஊடுருவினால் அந்த இடம் நைந்தது, கழிவு. வெளிச்சம் வராமல் கறுப்பாக நின்றால் கெட்டி, முதல் தரம். இதில் அவர் சொன்னதற்கு மறுபேச்சு கிடையாது. ஆனால் பிரித்த தோலைக் கட்டுக் கட்டாகக் கிடங்குக்குத் தூக்குவதும் அவர் வேலைதான்.

ஓர் ஆடி மாதம் இருமலோடு நெஞ்சுவலியும் சேர்ந்துகொண்டது. வரமாட்டேன் என்றவரை விடாமல் இழுத்துக்கொண்டு ரயிலேறினேன். காட்பாடியில் இறங்கி, ஜட்கா பிடித்து, வேலூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே நெஞ்சை எக்ஸ்ரே படம் பிடிக்கிற மிஷின் இருந்தது. டாக்டரம்மா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார்.

"இதோ பாருங்க, வலது பக்கம் மேல, இந்த எடம் மட்டும் ரொம்பக் கறுப்பா இருக்கு இல்ல? அங்க நுரையீரல் நைஞ்சு போய் காத்துக் கொப்புளமா நிக்குது. சுமை தூக்கி முக்கினா உடையலாம். சும்மா இருமினாகூட உடையலாம். உடைஞ்சா திடீர்னு அந்தப் பக்கம் குத்தும், மூச்சு அடைக்கும். கஷாயம், ஒத்தடம்னு உக்காந்துடாதீங்க. உடனே இங்க கொண்டு வந்துடணும்."

இவர் படத்தைக் கையில் வாங்கினார். தோலைப் பிடிப்பதுபோலவே இரண்டு ஓரத்தையும் பிடித்து வெளிச்சத்துக்குத் தூக்கி, மேலும் கீழும் பார்த்தார். "சரிங்கம்மா" என்று பணிவாகத் திருப்பிக் கொடுத்தார். அப்பாடா, புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். ரயிலில் உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அந்தம்மா படிச்சவங்கதான். ஆனா மாத்திச் சொல்றாங்க."

"இன்னாது?"

"கறுப்பா கீற எடம் கெட்டிடி. வெளிச்சமே வர்ல, நீயும் பாத்தியே! நடுவுல இடது பக்கமா வெள்ளையா கீது பாரு, அதான் நைஞ்ச எடம். இனிமே கட்டை வலது தோள்ல வெச்சுக்கிறேன்."

அந்த வெள்ளைதான் இவருடைய இதயம் என்று எனக்கும் அப்போது தெரியாது. ஷாப்பில் போய்ச் சொல்லியிருக்கிறார். தரம் பிரிக்கிற அத்தனை பேரும் இவர் கட்சி. கறுப்பு எப்படிக் கழிவாகும் என்று ஆளாளுக்குத் தலையாட்டியிருக்கிறார்கள். மறுநாளே வலது தோளில் கட்டு ஏறிவிட்டது. நான் கத்தினேன். "நீ தோல் பாத்திருக்கியா?" என்று ஒரே கேள்வியில் என் வாயை அடைத்தார். கறுப்பு ஏன் கெட்டது என்று எனக்கும்தான் சொல்லத் தெரியவில்லையே! என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

விடுவேனா? நான் வேலை பார்த்த பட்டைக் கொட்டகையில் காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டு, அவருக்கும் தெரியாமல் தனியாக வேலூருக்குப் போனேன். கறுப்பு எப்படிக் கெட்டதாகும் என்று நான் கேட்டதும் டாக்டரம்மா முதலில் சிரித்துவிட்டார். கட்டுத் தூக்குகிறார் என்று சொன்னதும் சிரிப்பு நின்றது. என் மணிக்கட்டில் கிடந்த பித்தளைக் காப்பை மேலே தள்ளச் சொன்னார்.

"வெயில் பட்ட தோல் கறுத்திருக்கு. காப்பு மறைச்ச எடம் வெளுப்பாவே இருக்கு. இந்தப் படமும் அப்படித்தாம்மா. கதிர் தடையில்லாம பூந்து வர்ற எடம் கறுக்கும். எலும்பும் இதயமும் மறைக்கிற எடம் வெள்ளையா நிக்கும். ரொம்பக் கறுப்புன்னா, தடுக்க அங்க ஒண்ணுமே இல்லைன்னு அர்த்தம்."

அன்று சாயங்காலம் சோற்றைப் போட்டுவிட்டு அவர் எதிரே கையை நீட்டினேன். காப்பை மேலே தள்ளி, டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். என் கையைப் பிடித்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"அப்போ அங்க ஒண்ணுமே இல்லியா?"

"வெறும் காத்துதான்யா."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். அந்த மனுஷன் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள், தரம் பிரிப்பேன், தூக்க மாட்டேன் என்று மேஸ்திரியிடம் சொன்னார். "தூக்கறதுக்குத் தனியா ஆள் போட முடியுமா?" என்று மேஸ்திரி எகிறினார். "நான் தூக்கறேன்" என்றேன். பட்டை இடிப்பதை விட்டுவிட்டு அவர் பிரித்த கட்டுகளை நான் சுமந்தேன். பெண்டாட்டி சுமக்கிறாள், புருஷன் நிழலில் நிற்கிறான் என்று ஷாப்பு முழுக்கக் கேலி. இடுப்பு விட்டுப்போயிற்று. போகட்டும், ஆள் இருந்தால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஐப்பசி மழையில் அது நடந்தது. அவர் எதையும் தூக்கவில்லை; நின்ற இடத்தில் இருமினார், அவ்வளவுதான். வலது மார்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தார். நான் தலையிலிருந்த கட்டைச் சேற்றிலேயே போட்டுவிட்டு ஓடினேன். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது.

"வாயுப் பிடிப்பு. எண்ணெய் போட்டு உருவுனா சரியாப் பூடும்" என்று மேஸ்திரி அவர் நெஞ்சில் கை வைக்கப் போனார்.

"யாரும் கை வெக்காதீங்க! அந்தக் கொப்புளம் உடைஞ்சிருக்கு. வேலூருக்குப் போவணும்!"

சென்னைக்குத் தோல் ஏற்றிய லாரி வாசலில் கிளம்ப நின்றது. நடுரோட்டில் அதை மறித்து நின்றேன். "பேஜார் பண்ணாதம்மா, முதலாளி திட்டுவாரு" என்றார் டிரைவர். "ஏத்திக்கிறியா, என் மேல ஏத்திட்டுப் போறியா?" என்றேன். ஏற்றிக்கொண்டார். பள்ளிகொண்டா தாண்டும்போது என் வீட்டுக்காரர் உதடு நீலம் பாரித்துவிட்டது. கர்த்தரே, கர்த்தரே என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே அவரைச் சாய்த்துப் பிடித்திருந்தேன்.

டாக்டரம்மாவுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. பழைய படம் அங்கேயே இருந்தது, எந்தப் பக்கம் என்று தெரிந்திருந்தது. விலாவில் ஊசியைச் செலுத்தி, உள்ளே அடைத்திருந்த காற்றை வெளியே எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தன் கையில் ஒன்றும் இருந்திருக்காது என்றார். நான் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் கண்ணைத் திறந்து என்னைத் தேடினார். கிட்டே போய்க் குனிந்தேன்.

"ஏண்டி அறிவு கெட்டவளே, அவ்ளோ தோலையும் சேத்துல போட்டுட்டா வந்த?"

வார்டில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னொரு தபா திட்டுய்யா" என்று சொல்லி, அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டு அழுதேன்.