ஜெயித்த பிறகு வந்த சந்தேகம்

பார்சல் கிடங்கில் அவளுக்கு 'லிஃப்ட்' என்று பேர். லிஃப்ட் பழுதான வாரம் முழுக்க நாலு மாடிக்கும் மூட்டை சுமந்து ஓடியவள். பிறந்தபோது ஆண் என்று எழுதிவிட்டார்கள். பத்தொன்பது வயதில், தான் பெண் என்று வீட்டில் சொன்னாள். அப்பா பேச்சை நிறுத்திக்கொண்டார். தையல்காரியான அக்காதான் அளவு நாடாவை எடுத்து வந்து, "நேரா நில்லுடி, அளவெடுக்கணும்" என்றாள். அந்த ஒரு 'டி' போதுமாக இருந்தது.

ஹார்மோன் சிகிச்சைக்குப் பிறகு மூன்று வருடம் பெண்கள் எண்ணூறு மீட்டரில் ஓடினாள். தடகளச் சங்கம் கேட்ட ரத்தப் பரிசோதனைகளையெல்லாம் தவறாமல் கொடுத்தாள். ஆறாவதாக வந்தாள், ஏழாவதாக வந்தாள், ஒருமுறை கடைசி. யாரும் வாய் திறக்கவில்லை. நாலாம் வருடம் தேர்வுப் போட்டியில் முதலில் வந்தாள். சம்பளத்தோடு கிளப் அணியில் இடம்.

மறுநாளே சங்கச் செயலாளர் கூப்பிட்டு அனுப்பினார். ஒரு வீராங்கனை புகார் கொடுத்திருக்கிறாளாம். பெயர் சொல்ல முடியாதாம். மருத்துவக் குழுவின் முன் உடையைக் களைந்து நின்றால் பரிசீலிப்பார்களாம். இதையெல்லாம் பிஸ்கட்டை டீயில் நனைத்தபடியே சொன்னார்.

அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"மூணு வருஷம் தோத்தப்போ நான் பொண்ணு. ஒரு தடவை ஜெயிச்சதும் சந்தேகம் வந்துருச்சா சார்?"

விதி அப்படி என்றார். எங்கே காட்டுங்கள் என்றாள். புத்தகத்தைப் புரட்டினார், உதவியாளரைக் கூப்பிட்டார், மறுபடி புரட்டினார். அப்படி ஒரு விதியே இல்லை.

"அடுத்த கூட்டத்துல போட்டுருவோம்" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

அக்கா கடையைப் பூட்டிவிட்டு அவளோடு நீதிமன்றம் ஏறினாள். அங்கேதான் புகார்க் கடிதம் வெளியே வந்தது. அடியில் இருந்தது, போட்டியில் இரண்டாவதாக வந்த பெண்ணின் கையெழுத்து. லிஃப்ட் விலக்கப்பட்டால் அந்த இடம் அவளுக்குத்தான். அவளை வரவழைத்தார்கள்.

"இது என் கையெழுத்தே இல்லைங்க. நான் தோத்தது அவ வேகமா ஓடினதால. அடுத்த தடவை நானே அவளை முந்திக்குவேன். எனக்காக யாரும் பொய் சொல்ல வேணாம்."

தீர்ப்பு வரப் பதினாலு மாதம் ஆனது. இடம் கிடைத்தது. ஆனால் ஓட்டக்காரிக்குக் கால் நன்றாக வேலை செய்யும் வருடங்களே கொஞ்சம். அதில் ஒன்றை நீதிமன்ற வராண்டா பெஞ்சில் உட்கார வைத்தே தின்றுவிட்டார்கள். இரண்டாவதாக வந்தவளும் அடுத்த தேர்வில் இடம் பிடிக்க, இப்போது இருவரும் ஒரே அணியில் ஓடுகிறார்கள். செயலாளர் பதவியில்தான் இருக்கிறார். கள்ளக் கையெழுத்துப் போட்டது யார் என்று சங்கம் இன்றுவரை விசாரிக்கவில்லை. லிஃப்ட் மாதாமாதம் கடிதம் எழுதிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.