ஓடைத் தண்ணீரும் வெங்காயக் கலரும்

இன்று காலை மயிலம் பக்கத்து ஓடையில் நின்று நானும் என் கணவரும் சண்டை போட்டோம். காரணம், விரல் நீளக் காகிதம் ஒன்று.

மாதம் ஒருமுறை எங்கள் தன்னார்வக் குழு ஓடைத் தண்ணீரைச் சோதிக்கிறது. நனைத்த காகிதம் ஒரு நிமிடத்தில் நிறம் மாறும். அதை அட்டையில் இருக்கும் கட்டங்களோடு ஒப்பிட வேண்டும். நிறம் கூடினால் வயலின் உரம் அதிகமாகக் கலந்திருக்கிறது என்று பொருள். மூன்றாவது கட்டம் என்றால் ஊருக்கே எச்சரிக்கை.

"மூணாவதுதான்" என்று போனை எடுத்துவிட்டார் அவர்.

"கண்ணாடிய தொடச்சிக்கினு பாருங்க. ரெண்டாவது."

மல்லாட்டை (வேர்க்கடலை) கொல்லையில் களையெடுத்துவிட்டுக் கை கழுவ வந்த அக்கா ஒருவர், "இதுக்கா அடிச்சிக்கினு இருக்கீங்க?" என்று அட்டையை வாங்கினார்.

"மூணாவது வாடாமல்லி சார். இது வெங்காயக் கலரு. ரெண்டாவதுதான். ஆட்டுக்குத் தண்ணி காட்டலாமில்ல?"

"தாராளமா காட்டுங்கக்கா" என்றேன்.

"ரெண்டு கலரும் ஒண்ணுதானேம்மா?" என்றார் என் கணவர்.

அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

போன கல்யாண நாளுக்கு வெங்காயக் கலர் புடவை கேட்டேன். திண்டிவனத்திலிருந்து வாடாமல்லி வந்தது. "நீ கேட்டதுதான்" என்று சத்தியம் செய்தார். நான் ஒரு வாரம் பேசவில்லை. பாவம், மனிதர் பொய் சொல்லவில்லை.

உங்கள் வீட்டுக்காரரிடமும் அந்த அட்டையை ஒருமுறை நீட்டிப் பார்க்க வேண்டுமா? சொல்லுங்கள், இரவல் தருகிறேன்.