சுடுதண்ணீர் பட்ட பல்லுறை

என் அக்காவுக்கு அழுக்கு என்றால் ஆகாது. மருத்துவமனைச் சலவைப் பிரிவில் அவளுக்கு இரவு வேலை. விடிய விடிய அடுத்தவர் அழுக்கோடு மல்லுக்கட்டுகிறவள் வீட்டுக்கு வந்த பிறகாவது காலை நீட்டலாம் அல்லவா? மாட்டாள். செருப்பைக் கழற்றியதும் நேராகக் குளியலறைக்குப் போய் அத்தானின் பல்லுறையைக் கையில் எடுப்பாள்.

அத்தான் கட்டட வேலையில் கிரேன் ஓட்டுபவர். உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து இரும்பைத் தூக்கி இறக்குவார். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பார். பக்கத்து அறையில் படுக்கும் எனக்கு யாரோ சரளைக்கல்லை மெல்வது போலக் கேட்கும். கடைவாய்ப் பல் ஒன்று விரிசல் விட்ட பிறகுதான் பல் டாக்டர் அச்செடுத்து, இரவில் மாட்டிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் உறை செய்து கொடுத்தார்.

அதைக் கழுவும் வேலையை அக்கா யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பச்சைத் தண்ணீர், மிருதுவான பிரஷ், ஒரு சொட்டு சோப்பு. பற்பசை போட்டால் கீறல் விழும், கீறலில் அழுக்கு குடியேறும். ஈரத்தோடு டப்பாவில் மூடினால் நாறும். சுடுதண்ணீர் பட்டால் வளைந்தே போகும்.

"அத்தானைக்கூட நீ இப்படிக் கவனிக்கிறதில்லையே" என்றேன் ஒருநாள்.

"அவர் வாய்க்குள்ள போறதுடி. உனக்கென்ன தெரியும்?" என்று எரிந்து விழுந்தாள்.

போன மாதம் அத்தானின் கிரேனிலிருந்து ஒரு கம்பிக்கட்டு நழுவி விழுந்தது. யாருக்கும் அடியில்லை. சாப்பிடும்போது ஊர்க்கதை போலச் சொல்லிவிட்டுக் கையைக் கழுவினார். அதன் பிறகு, உறை மாட்டியும் லேசாகக் கேட்டுக்கொண்டிருந்த பல் சத்தம் அடியோடு நின்றுவிட்டது. அப்பாடா என்று நான் போர்த்திக்கொண்டு தூங்கினேன்.

அக்காவுக்குத்தான் நிம்மதி போனது. காலையில் உறையின் உள்பக்கம் எப்போதும் வழவழவென்று இருக்கும், எச்சில் வாடை அடிக்கும். இப்போதோ அவள் முந்தின நாள் கழுவி வைத்தபடியே சோப்பு வாசனையோடு கிடந்தது.

கேட்டால், "மாட்டிக்கிட்டுத்தான் படுத்தேன். உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்று சிரித்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

ஒரு காலையில், "இன்னிக்கு நானே கழுவி வச்சிட்டேன்" என்றார். சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்காத மனிதர்! மறுநாள் கிளம்பும்போது, "ராத்திரி பூரா மாட்டிக்கிட்டு நல்லாத் தூங்கினேன்" என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் அக்கா அலமாரியிலிருந்து டாக்டர் உறையோடு கொடுத்திருந்த பிளாஸ்டர் பல் அச்சை எடுத்து, அதன்மேல் உறையை வைத்து அழுத்தினாள். உட்காரவில்லை. ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழும்பியது. சுடுதண்ணீரில் கழுவியிருக்கிறார். வளைந்துபோனது அவருக்குத் தெரியவே இல்லை. வாயில் வைத்திருந்தால்தானே தெரியும்?

"உறையும் மாட்டல, உனக்குப் பல் சத்தமும் கேக்கல. அந்தக் கம்பி விழுந்ததுல இருந்து இவர் தூங்கலடி" என்றாள் அக்கா. "தூங்காம போய் உட்கார்ந்து, அத்தனை பேர் தலைக்கு மேல இரும்பைத் தொங்க விடுறாரு."

கிரேனை விட்டு இறக்கிவிடுவார்கள் என்று பயந்து மறைத்திருக்கிறார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? அவர்மேல் வந்த கோபத்தில் எனக்கு அழுகையே வந்தது.

கூண்டில் போன் எடுக்கக் கூடாது. ஆகவே இருவரும் ஆட்டோ பிடித்து ஓடினோம். மேஸ்திரி வாசலிலேயே மறித்தார். அக்கா சொன்னதைப் பாதி காதில் வாங்கிக்கொண்டு, "மாத்து ஆள் இல்லம்மா. சாயங்காலம் அவரோட பேசிக்கலாம்" என்றார்.

அக்கா அண்ணாந்து பார்த்தாள். ஒரு கம்பிக்கட்டு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. கீழே ஆள் நுழைந்தால் கிரேனை நிறுத்தியாக வேண்டும், அதுதான் சட்டம். நான் கையைப் பிடிப்பதற்குள் அவள் தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் போய் அந்தக் கம்பிகளுக்கு நேர் கீழே நின்றாள். தன்னைப் பார்த்ததும் நிறுத்திவிடுவார் என்றுதான் நின்றாள்.

கம்பிகள் நிற்கவில்லை. அதே வேகத்தில் இறங்கின. கீழே நின்று கிரேனுக்குச் சைகை காட்டும் கொடிக்காரர் விசிலை ஊதினார், வாக்கி டாக்கியில் கத்தினார், பதில் இல்லை. மறுபடி கத்தினார். அக்கா அசையவில்லை, பயத்தில் கால் மரத்துவிட்டது என்று பிறகு சொன்னாள். இருவர் பாய்ந்து போய் அவளை இழுத்துப் போட்டார்கள். அவள் நின்ற இடத்தில் கம்பிகள் மண்ணைத் தொட்டுச் சரிந்து பரவிய பிறகுதான் கிரேன் நின்றது.

அத்தானை இறக்கிக் கொண்டுவந்தார்கள். முகம் வெளிறியிருந்தது. புடவையெல்லாம் மண்ணாக உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்து, "நீ எதுக்கு இங்க வந்தே?" என்று கேட்டார். "கீழ யாரோ ஒரு பொம்பளை நின்னாளாமே. நான் பார்க்கவே இல்லையே. யாரு அது?"